ஐந்து பாங்குக்கு நடுவே படிப்பு: மன அழுத்தத்தில் தவிக்கும் முஸ்லிம் மாணவருக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படித்தபோது ஹாஸ்டல் அறைச் சுவரில் ஒரு டைம்டேபிள் ஒட்டியிருந்தேன். காலை நான்கு மணி முதல் இரவு பன்னிரண்டு மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். எல்லாப் பாடத்துக்கும் அதில் இடம் இருந்தது, தொழுகைக்கு மட்டும் இல்லை. நடுவில் எப்படியாவது தொழுதுகொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே எல்லாம் குலைந்தது. லேப் முடிய நேரமானது, மெஸ்ஸில் வரிசை நின்றது, ஒரு கட்டம் தவறியதும் அதன் பின்னால் இருந்ததெல்லாம் சரிந்தது. அந்த செமஸ்டரில் மூன்று அரியர். நண்பகல் லுஹரும் பிற்பகல் அஸரும் நாள்தோறும் நேரம் தவறிக் களாவாகி, கடைசியில் தொழுகை விரிப்பான முஸல்லாவை விரிக்கவே கூச்சமாக இருந்தது. இரவு படுத்தால் நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது.

அந்த லீவில் ஊருக்கு, கீழக்கரைக்குப் போனேன். வாப்பாவுக்கு அங்கே ஒரு மளிகைக் கடை. நாலு நாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று கவனித்தேன். வாப்பா மணி சொல்வதே இல்லை. "சரக்கு லுஹருக்கு முந்தி வந்துரும்." "அஸர் தொழுதுட்டு வாங்க, கணக்குப் பார்த்துரலாம்." "மஃரிபுக்கு அப்புறம் கொடுத்தாப் போதும்." பிறந்தது முதல் கேட்ட பேச்சுதான். ஆனால் அன்றைக்குத்தான் உறைத்தது. வாப்பாவின் நாள் ஐந்து துண்டாக இருந்தது. ஒரு துண்டில் வியாபாரம் கெட்டாலும் பாங்கு சொன்னதும் அது அங்கேயே முடிந்துவிடும், அடுத்த துண்டுக்குள் வராது. என் டைம்டேபிளில் அப்படி ஒரு வரப்பு எங்குமே இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்து பார்த்து, அரியர்களை முடித்து, இப்போது ஜூனியர் பிள்ளைகளுக்குச் சொல்லிவருவதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்காதீர்கள். முதல் படி ஒரு வாரம் நிலைத்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

படி 1: ஒரு நாளை வக்து (தொழுகை நேரம்) கொண்டு பிரியுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் சுபுஹு (விடியல்), லுஹர், அஸர், மஃரிப் (அந்தி), இஷா (இரவு) என்று ஐந்து கோடு மட்டும் போடுங்கள். மணி எழுத வேண்டாம். கல்லூரி நேரத்தை அதன் மேல் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். இனி இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரே ஒரு பெரிய வேலை. அவ்வளவுதான் விதி.

சுபுஹுக்கும் கல்லூரி கிளம்புவதற்கும் நடுவில் இருப்பது ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோதான். ஆனால் அந்த நேரத்தில் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். எந்தப் பாடத்தைக் கண்டால் வயிறு கலங்குகிறதோ அதை இங்கே வையுங்கள். எனக்கு அது தெர்மோடைனமிக்ஸ். ஸ்டீம் டேபிளைக் கையில் எடுத்தாலே வெறுப்பாக இருக்கும். சுபுஹுக்குப் பிறகு ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு கணக்கு என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் அந்தப் பயம் போய்விட்டது.

லுஹர் சென்னையில் பெரும்பாலான மாதங்களில் பன்னிரண்டு மணியை ஒட்டி வந்துவிடும். சாப்பாட்டு இடைவேளைக்குள் தொழுதுவிட முடியும், ஒளு (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) செய்வதற்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் போதும். பெரிய சிக்கல் இடம்தான். செமஸ்டர் தொடங்கும்போதே துறைத் தலைவரிடமோ வார்டனிடமோ போய், காலியான வகுப்பறை ஒன்றைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்து தொழும்போதுதான் தொழுகையே ஒரு பதற்றமாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் இப்போதே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். வாராவாரம் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியிருக்காது.

அஸர் நேரம் மத்ஹபை, அதாவது நாம் பின்பற்றும் சட்ட வழியைப் பொறுத்து மாறும். ஷாஃபி கணக்கில் மூன்றே கால், மூன்றரை வாக்கில் வக்து நுழைந்துவிடும். ஹனஃபி கணக்கில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளி வரும். இரண்டுமே மஃரிப் வரை நீள்வதால் நாலரை மணிக்கு லேப் முடிகிற பிள்ளைக்கும் அஸர் கையில்தான் இருக்கிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே படிக்காதீர்கள். நடங்கள், பந்து விளையாடுங்கள், துணி துவையுங்கள், கடைக்குப் போய்ச் சுண்டல் வாங்கிச் சாப்பிடுங்கள். அந்த ஒரு துண்டை உடம்புக்கு விட்டுவிடுங்கள்.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே நம் ஊரில் சுமார் ஒன்றே கால் மணி நேரம் இருக்கும். தொழுதுவிட்டு உட்கார்ந்தால் முழுதாக ஒரு மணி நேரம். அன்று நடத்திய பாடத்தை அன்றே திருப்பிப் பார்க்க இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. முடிவில் இஷா பாங்கு வரும் என்று தெரிந்திருப்பதால் மனம் அலையாமல் உட்காரும். இஷாவுக்குப் பிறகு லேசான வேலை போதும். ரெக்கார்டு எழுதுவது, நாளைய பையை எடுத்துவைப்பது.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மாதத்தில் தொழுகை இல்லாத நாட்களில் இந்த ஐந்து கோடும் அழிந்துபோய், நாள் மறுபடி ஒரே நீளமாகிவிடுகிறது என்று என் தங்கை சொல்வாள். அவள் அந்த நாட்களிலும் பாங்கு கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு, அதே இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதுவாள், துஆ கேட்பாள். வரப்பு அப்படியே நிற்கும்.

படி 2: தூக்கத்தை இஷாவிலிருந்து எண்ணுங்கள்

இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. மதரஸாவில் ஓதியபோது இது ஒழுக்கம் சொல்லும் ஹதீஸ் என்றுதான் நினைத்திருந்தேன். ஹாஸ்டலில் ஒரு மணி வரை விழித்திருந்து, சுபுஹைத் தவறவிட்டு, முதல் பீரியடில் தூங்கி விழுந்த பிறகுதான் அதற்குள் ஒரு கணக்கு இருப்பது புரிந்தது.

பதினெட்டு வயதைத் தாண்டியவருக்கு இரவில் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பிளஸ் டூ படிக்கிற வயதில் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. படித்ததை மூளை பதிய வைப்பது தூக்கத்தில்தான். அதனால் தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. ஜூன் மாதத்தில் சென்னையில் ஐந்தே முக்கால் மணிக்குள் சூரியன் உதித்துவிடும், ஜனவரியில் ஆறரை மணி தாண்டும். கோடையில் சுபுஹு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி வருகிறது. படுக்கும் நேரத்தையும் அதற்கேற்ப முன்னால் இழுக்க வேண்டும். ஆண்டு முழுக்க ஒரே அலாரம், ஒரே படுக்கை நேரம் என்று வைத்தவர்கள்தான் மே மாதத்தில் சுபுஹைக் கோட்டைவிடுகிறார்கள்.

பகலில் இருபது நிமிடம் தலை சாய்க்கும் கைலூலாவும் ஸுன்னத்துதான். லீவு நாளில் லுஹருக்குப் பிறகு அதை விடாதீர்கள். அஸருக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்த காபியின் சக்தியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

படி 3: தொழுகையை அவசரமில்லாமல் தொழுங்கள்

மன அழுத்தத்தில் இருக்கும்போது நாம் தொழுகிற வேகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நான்கு ரக்அத்தும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஸலாம் கொடுக்கும்போது எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதே சந்தேகமாக இருக்கும். அந்தத் தொழுகையிலிருந்து எழும்போது படபடப்பு குறைந்திருக்காது.

நபி (ஸல்) அவர்கள் தொழுகை நேரம் வந்தால் பிலால் (ரலி) அவர்களிடம், தொழுகையைக் கொண்டு எங்களுக்கு ஆறுதல் தாரும் என்று சொல்வார்கள். அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இது இருக்கிறது. கடமையை முடித்துவிட்டு ஆறுதலாக உட்காரலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆறுதலே தொழுகைக்குள் இருந்தது.

ஒளுவிலிருந்தே தொடங்குங்கள். குழாயை மெல்லத் திறந்து, கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் என்று ஒவ்வோர் இடமாக, அந்த இடத்தை மட்டும் நினைத்துக் கழுவுங்கள். எங்கள் ஹாஸ்டலில் கடைசிக் குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். மார்கழி மாதத்துச் சுபுஹில் அந்தத் தண்ணீர் முகத்தில் பட்டதும், இரவு முழுக்க உள்ளே ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் ஒரு நொடி நின்றுவிடும். அந்த ஒரு நொடிக்காகவே நான் அந்தக் குழாயடிக்குப் போன நாட்கள் உண்டு.

அப்புறம் ஓதுவது. நபி (ஸல்) அவர்கள் ஒவ்வோர் ஆயத்திலும் (வசனத்திலும்) நிறுத்தி நிறுத்தி ஓதுவார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அல்ஹம்து ஸூராவில் ஏழு ஆயத்து. ஆயத்துக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்து, ஓதும்போது நீளமாக வெளியே விட்டு, நிறுத்தி, அடுத்த ஆயத்து. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணியும், இது உடம்பின் இயல்பு. நெஞ்சு படபடக்கிற பிள்ளைக்கு மருத்துவர்கள் சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சியும் ஏறக்குறைய இதேதான். ஸுஜூதில் மூன்று தஸ்பீஹ் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். நெற்றி தரையில் இருக்கும்போது மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்.

பிறகு ஓதுவதற்கு ஒரு ஸூரா. நம்மில் பலரும் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்த அலம் நஷ்ரஹ், குர்ஆனின் 94ஆவது ஸூரா. துன்பத்துடன் எளிமை இருக்கிறது என்று அதில் அல்லாஹ் அடுத்தடுத்து இரண்டு முறை சொல்கிறான். 'துன்பத்துக்குப் பிறகு' என்று இல்லை, 'துன்பத்துடன்' என்றே இருக்கிறது. ரிசல்ட் வந்த பிறகுதான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்த ஒரு சொல் பெரிய மாற்றம்.

படி 4: கவலையை நான்காகப் பிரித்து எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்ட துஆ ஒன்று புகாரியில் இருக்கிறது: அல்லாஹும்ம இன்னீ அஊது பிக்க மினல் ஹம்மி வல் ஹஸன், வல் அஜ்ஸி வல் கஸல் என்று தொடங்கும். யா அல்லாஹ், இவற்றிலிருந்து உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன் என்று பொருள். முதல் நான்கு சொற்களையும் கவனியுங்கள். ஹம்மு என்பது வரப்போவதைப் பற்றிய கவலை. ஹஸன் நடந்துபோனதைப் பற்றிய துக்கம். அஜ்ஸு என்றால் இயலாமை, அதாவது செய்ய நினைத்தும் முடியாதது. கஸல் என்றால் சோம்பல், முடிந்தும் கை போகாதது.

நோட்டில் ஒரு பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டு, இந்த நான்கையும் தலைப்பாக எழுதுங்கள். மனதை அரிப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் பத்தியில் போடுங்கள். என் பழைய நோட்டில் இருக்கும் ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன். ஹஸன் பத்தியில்: 'இரண்டாம் இன்டர்னலில் 50க்கு 19.' ஹம்மு பத்தியில்: 'அரியரோடு இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார விடுவார்களா?' 'வாப்பா கட்டிய ஃபீஸ்.' அஜ்ஸு பத்தியில்: 'என்ட்ரோபி புரியவே இல்லை.' கஸல் பத்தியில்: 'லேப் ரெக்கார்டு, நாலு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி.'

எழுதி முடித்ததும் தெரிந்தது, அதுவரை இது எல்லாம் ஒரே பெரிய பாறையாக நெஞ்சில் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஹஸன் பத்தியில் இருப்பதற்கு இன்று செய்ய ஒன்றுமில்லை. தவறு நம்முடையது என்றால் அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிவிட்டு அதன் மேல் ஒரு கோடு போடுங்கள். ஹம்மு பத்தியில் இருப்பதற்கு, இன்று கையால் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைப் பக்கத்தில் எழுதி, மீதியை துஆவில் ஒப்படையுங்கள். அஜ்ஸு பத்திக்கு ஆள் வேண்டும். சீனியரோ ஆசிரியரோ வகுப்புத் தோழனோ, ஒரு பெயர் எழுதுங்கள். எனக்கு என்ட்ரோபி புரிந்தது ஓர் அண்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிடம் சொன்னபோதுதான். மூன்று வாரம் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்திருக்கிறேன். கஸல் பத்திக்குப் பத்தே நிமிடம். கடிகாரம் பார்த்து, ரெக்கார்டைத் திறந்து, படம் மட்டும் வரையுங்கள். பத்து நிமிடம் கழித்து மூடிவிடலாம் என்று உங்களுக்கே வாக்குக் கொடுங்கள். பெரும்பாலும் மூட மாட்டீர்கள்.

இதை வாரத்துக்கு ஒருமுறை, வியாழன் மஃரிபுக்குப் பிறகு செய்வேன். நாள்தோறும் செய்யப் போனால் அதுவே கவலையைக் கிளறுகிற வேலையாகிவிடும்.

படி 5: ஃபோன்

சுபுஹு தொழுது முடிக்கும் வரை ஃபோனைத் திறக்க வேண்டாம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே அது வேறு அறையில் இருக்கட்டும். பாங்கு ஆப்புக்காக வைத்திருக்கிறேன் என்றால் தொழுகை அட்டவணை ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள்.

படி 6: தவறிப் போனால்

தவறும். மாடல் எக்ஸாம் வாரத்தில் ஒரு சுபுஹு போகும், அதைத் தொடர்ந்து நாலு போகும். அப்போது உள்ளே ஒரு குரல் வரும், இனி உன் துஆவை யார் கேட்பது என்று. அந்தக் குரலை நம்பித்தான் நான் ஒரு செமஸ்டர் முழுக்க அல்லாஹ்விடமிருந்து ஒளிந்துகொண்டிருந்தேன். படிப்பின் பாரத்தோடு இந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்தால் எந்தப் பிள்ளையும் தாங்காது.

அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல், குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்வதுதான் என்று ஹதீஸ் இருக்கிறது. ஆகவே தவறிய மறுநாள் இரவில் எழுந்து தஹஜ்ஜுதும் தொழுவேன், குர்ஆனில் ஒரு ஜுஸ்உ ஓதுவேன் என்று ஈடுகட்டக் கிளம்பாதீர்கள். அடுத்து வரும் பாங்கு எதுவோ, அந்த ஃபர்ளை (கட்டாயத் தொழுகையை) மட்டும் நேரத்தில் தொழுங்கள். களாவானதைத் தொழுதுவிடுங்கள். அதோடு விடுங்கள்.

இன்னொன்றும் மனதாரச் சொல்ல வேண்டும். "இத்தனை தொழுகிறேன், இத்தனை மார்க் கொடு" என்று பேரம் பேசாதீர்கள். மார்க் குறைந்த அன்று அந்தத் தொழுகையும் கையை விட்டுப் போய்விடும். நல்லபடி ஓதித் தொழுத பிள்ளைகள் பலர் அப்படி விலகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

படி 7: இதற்கு மேலும் கனத்தால்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், எதிலுமே பிடிப்பில்லை என்றால், காரணமில்லாமல் அழுகை வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். ஈமான் குறைந்ததால் இப்படி ஆகிறது என்று யாராவது சொன்னால் யஃகூப் நபியை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரத்தில் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின என்று குர்ஆனே சொல்கிறது. அவர்கள் நபி, அவர்களுடைய ஈமானில் குறை ஏதும் இல்லை. அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்ற ஹதீஸ் காய்ச்சலுக்கு மட்டும் சொன்னதில்லை.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம். உம்மாவிடமோ, நம்புகிற ஹஜ்ரத்திடமோ, அறைத் தோழனிடமோ சொல்லிவிட்டு அழைத்தால் இன்னும் நல்லது.

படி 8: தேர்வு நாள்

ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால் சில ஆண்டுகள் அது பொதுத்தேர்வோடு சேர்ந்துகொள்ளும். 2025இல் மார்ச் 2 அன்று முதல் நோன்பு, மறுநாள் பிளஸ் டூ தேர்வு தொடங்கியது. பயப்பட வேண்டாம். தேர்வு காலை பத்து மணிக்கே தொடங்கிவிடுவதால் விடியலுக்கு முன் ஸஹரில் சாப்பிட்டது அதுவரை உடம்பில் இருக்கும். ஸஹரில் ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம், நாவறளும். முட்டை, பருப்பு, தயிர், நிறையத் தண்ணீர் போதும். தேர்வு முடிந்து வந்து லுஹர் தொழுததும் ஒரு மணி நேரம் தூங்குங்கள். தேர்வு நாட்களில் மட்டும் அடுத்த பாடத்தை அஸருக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். உடம்பு சரியில்லாதவருக்கு நோன்பை வேறு நாளில் வைத்துக்கொள்ளச் சலுகை உண்டு. அதை ஒரு ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

நீட் எழுதும் பிள்ளைகளின் தவிப்பு வேறு. 2025இல் தேர்வு மதியம் 2 மணி முதல் 5 மணி வரை, வாயில் ஒன்றரை மணிக்கு மூடப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் சென்னையில் லுஹர் பாங்கு பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். முந்தின நாளே தேர்வு மையத்துக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளிவாசல் இருக்கிறது என்று போய்ப் பார்த்து வையுங்கள். அனுமதிச் சீட்டில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, பாங்கு சொன்னதும் தொழுதுவிட்டு உள்ளே போங்கள். அஸர் கவலை வேண்டாம். வெளியே வந்த பிறகும் மஃரிபுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

வினாத்தாள் கைக்கு வந்ததும் மூஸா நபி கேட்ட துஆவை ஒரு முறை ஓதுங்கள்: ரப்பிஷ்ரஹ் லீ ஸத்ரீ, வ யஸ்ஸிர் லீ அம்ரீ. என் இறைவா, என் நெஞ்சை விரிவாக்கு, என் காரியத்தை எளிதாக்கு. பிறகு தெரிந்த கேள்வியை முதலில் எடுங்கள்.

வெளியே வந்ததும் வாசலில் நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். அது ஹஸன் பத்திக்குப் போய்விட்டது. பள்ளிவாசலுக்குப் போய் முகம் கழுவி அஸர் தொழுதுவிட்டு, உம்மாவுக்கு ஃபோன் செய்து சாப்பாட்டுக்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.